பிறமொழித் தொழிலாளர்க்கான தமிழ் வகுப்பில் சொல் மீள்பயிற்சி: திருப்பூர்ப் பின்னலாடைக் களத்தை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

ஒரு வகுப்பில் கற்ற புதிய சொற்களை அடுத்தடுத்த வகுப்புகளில் நினைவிலிருந்து வெளிக்கொணரச் செய்யும் பணி இக்கட்டுரையில் 'மீள்பயிற்சி' எனப்படுகிறது. திருப்பூர்ப் பின்னலாடைத் தொழிலில் ஈடுபட்டுள்ள பிறமாநிலத் தொழிலாளர்க்குரிய ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் இப்பணி எவ்வாறு அமைதல் வேண்டும் என்பதே ஆய்வுப் பொருள். தமிழ்ச் சொல் அகராதியில் நிற்கும் வடிவிலேயே பேச்சில் வருவதில்லை. பெயர் வேற்றுமை ஏற்கும்போது திரிகிறது. வினை தானே நிகழ்வதற்கும் ஒருவர் செய்வதற்கும் வேறு வேறு வடிவம் கொள்கிறது. ஏவல் மரியாதைக்கு ஏற்ப மாறுகிறது. ஆகவே சொற்பட்டியலை ஒப்புவிப்பது மீள்பயிற்சி ஆகாது. திரிந்த வடிவத்தைச் சூழலுக்கேற்ப மீட்டெடுப்பதே மீள்பயிற்சி என்னும் கருத்தை இக்கட்டுரை முன்வைக்கிறது. அதற்கேற்ற ஆறு வகுப்பறைச் செயல்பாடுகளையும் விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: இரண்டாம் மொழியாகத் தமிழ், சொல் மீள்பயிற்சி, மீட்டெடுத்தல், வேற்றுமைத் திரிபு, தன்வினை–பிறவினை, நன்னூல், திருப்பூர்.

1. முன்னுரை

பின்னல், சாயமேற்றல், கட்டிங், தையல், செக்கிங், அயர்ன், பேக்கிங் எனப் பல படிகளாகப் பிரிந்து இயங்கும் திருப்பூர்ப் பனியன் தொழில், முன்பு கொங்கு வட்டாரத்து ஊர்களிலிருந்தும் தமிழகத்தின் பிற மாவட்டங்களிலிருந்தும் வந்தோரைப் பெரிதும் சார்ந்திருந்தது. இன்று பீகார், ஒடிசா, ஜார்க்கண்ட், மேற்கு வங்காளம், அசாம் முதலிய மாநிலங்களிலிருந்து வந்த தொழிலாளர் இத்தொழிலின் இன்றியமையாத பகுதியாக உள்ளனர். இந்தி, போஜ்புரி, ஒடியா, வங்காளம், அசாமியம் எனப் பல தாய்மொழிகள் ஒரே தையற்கூடத்தில் ஒலிக்கின்றன.

இக்கூடங்களின் அன்றாடப் பேச்சில் ஓவர்லாக், பிளாட்லாக், பீஸ் ரேட், ஷிப்ட் போன்ற சொற்கள் எல்லா மொழியினர்க்கும் பொதுவாக வழங்குகின்றன. அவற்றுடன் சில கையசைவுகளும் சேர்ந்தால் வேலை நடந்துவிடும். ஆயினும் வாடகை வீட்டுக்காரரிடம் பேசவும், மருத்துவமனையில் நோயைச் சொல்லவும், குழந்தையைப் பள்ளியில் சேர்க்கவும், கூலிக் கணக்கில் ஐயம் எழுப்பவும் இப்பொதுச் சொற்கள் போதா. அங்கே தமிழ் வேண்டும்.

தமிழை இரண்டாம் மொழியாகக் கற்பிக்கும் ஏற்பாடுகள் நம்மிடம் இல்லாமல் இல்லை. 1969ஆம் ஆண்டு மைசூரில் நிறுவப்பெற்ற இந்திய மொழிகளின் நடுவண் நிறுவனம் தன் தென்மண்டல மொழி மையத்தின் வழியாகப் பிறமொழி ஆசிரியர்க்குப் பத்து மாதப் பயிற்சி அளித்து வந்துள்ளது. 2001இல் தமிழ் இணையப் பல்கலைக்கழகமாகத் தொடங்கப்பெற்று இன்று தமிழ் இணையக் கல்விக்கழகமாக விளங்கும் நிறுவனம், புலம்பெயர்ந்த தமிழர்க்கும் ஆர்வலர்க்கும் பாடங்களை வழங்குகிறது. முன்னது முழுநேரம் ஒதுக்கக்கூடிய ஆசிரியரை நோக்கியது. பின்னது எழுதப் படிக்க விழையும் கற்போரை நோக்கியது. வாரம் முழுதும் தையற்பொறியின் முன் அமர்ந்து, சனிக்கிழமை கூலி பெற்று, ஞாயிறு ஒரு நாளில் துணி துவைத்துச் சமையற்பொருள் வாங்கி, எஞ்சிய நேரத்தில் வகுப்புக்கு வரும் தொழிலாளியின் நிலை வேறு. அவருக்குக் கிடைக்கும் நேரம் குறைவு. இரு வகுப்புகளுக்கு இடையே ஏழு நாள் இடைவெளி உண்டு. இந்த இடைவெளியே மீள்பயிற்சியை வகுப்பின் மையப் பணியாக்குகிறது.

கட்டுரையாளர் திருப்பூரில் இத்தகைய தொழிலாளர்க்கு ஞாயிறுதோறும் பேச்சுத்தமிழ் கற்பித்த பட்டறிவே இக்கட்டுரைக்குத் தூண்டுதல். இஃது எண்ணிக்கை வழி நிறுவும் அளவைநிலை ஆய்வன்று. இலக்கண நோக்கிலும் கற்பித்தல் நோக்கிலும் அமைந்த விளக்கமுறைக் கட்டுரை.

2. ஆய்வுச் சிக்கல்

வகுப்பில் பயின்ற பீகார் இளைஞர் ஒருவர் சொல் ஒப்புவிப்பதில் முதல்வர். ஒரு ஞாயிறன்று 'கிழி, உடை, மடி, வெட்டு, எடு, கொடு' முதலிய வினைகளைப் பிழையின்றிப் பொருளோடு கூறினார். அவ்வாரத்தில் அவர் பொறியில் ஊசி உடைந்தது. ஆடை ஏற்றுமதி செய்யும் கூடங்களில் ஊசி உடைவது சிறு நிகழ்ச்சி அன்று. உடைந்த துணுக்கு ஆடைக்குள் தங்கிவிடலாம் என்பதால் எல்லாத் துண்டுகளையும் தேடி எடுத்துப் பதிவு செய்த பின்னரே புது ஊசி தருவர். மேற்பார்வையாளர் என்ன நடந்தது என்று வினவ, இளைஞர் தாம் கற்ற வினையைப் பயன்படுத்தி, "ஊசிய ஒடச்சுட்டேன்" என்றார். அவர் கூறக் கருதியது "ஊசி ஒடஞ்சிருச்சு" என்பதே. பொறியின் கோளாறால் நேர்ந்தது அவருடைய வாய்மொழியாலேயே அவர் செய்த குற்றமாயிற்று. ஊசியின் விலை அவர் கூலியில் கழிக்கப்பட்டது.

தொகை சிறிது. ஆயினும் அடுத்த ஞாயிறு அவர் கேட்ட வினா சிறிதன்று: "நீங்கள் கற்றுக்கொடுத்த சொல்லைத்தானே சொன்னேன்?" அவர் 'உடை' என்னும் சொல்லை மறக்கவில்லை. மீள்பயிற்சியிலும் அதனைச் சரியாகவே கூறியிருந்தார். பிழை அவர் நினைவில் இல்லை. எதை மீள்பயிற்சிக்கு உரியதாக ஆசிரியர் கொண்டார் என்பதில் இருந்தது. 'உடை' என்னும் பகுதியை மட்டும் ஒப்புவிக்கச் செய்து, 'உடைந்தது', 'உடைத்தேன்' என்னும் வடிவங்களை வேறுபடுத்திக் கூறப் பழக்காமல் விட்டது கட்டுரையாளரின் பிழை. ஒரு சொல்லைக் கற்றார் என்று எப்போது கூறலாம், அதை நிலைநிறுத்தும் பயிற்சி எத்தகையதாக இருத்தல் வேண்டும் என்னும் இரு வினாக்கள் இந்நிகழ்விலிருந்து எழுகின்றன.

3. மறதியும் மீட்டெடுத்தலும்

மறதியை முதன்முதலில் அளந்து ஆராய்ந்தவராகச் செருமானிய உளவியலாளர் எர்மன் எப்பிங்காசு கருதப்படுகிறார். 1885இல் வெளிவந்த அவர் நூல், பொருளற்ற அசைகளை மனப்பாடம் செய்து தம்மையே சோதித்த முயற்சியின் பயன். கற்ற உடனே மறதி விரைந்து நிகழ்கிறது. பின்னர் அதன் வேகம் குறைகிறது என்பது அவர் கண்ட முதற்செய்தி. மறந்ததாகத் தோன்றுவதை மீண்டும் கற்க, முதன்முறையைவிடக் குறைந்த உழைப்பே போதும் என்பது இரண்டாவது செய்தி. விழாக்கால விடுப்பில் ஊர் சென்று சில வாரங்கள் கழித்துத் திரும்பும் தொழிலாளர்க்கு இவ்விரண்டாம் செய்தி பெரிதும் பொருந்தும்.

மறதியைத் தடுப்பது எது என்னும் வினாவுக்கு ஜெஃப்ரி கார்ப்பிக், என்றி ரோடிகர் ஆகிய இருவரின் 2008ஆம் ஆண்டு ஆய்வு தெளிவான விடை தருகிறது. அமெரிக்க மாணவர்க்கு 40 சுவாகிலி மொழிச் சொற்கள் ஆங்கிலப் பொருளுடன் கற்பிக்கப்பட்டன. ஒரு சொல்லை ஒருமுறை சரியாகக் கூறிய பின்னர், அதனைத் திரும்பத் திரும்பப் படித்தோரும் படிக்காதோரும் ஒரு வாரத்திற்குப் பின் வேறுபடவில்லை. ஆனால் திரும்பத் திரும்ப நினைவிலிருந்து கூறப் பணிக்கப்பட்டோர் ஏறத்தாழ 80 விழுக்காட்டுச் சொற்களைக் கூறினர். அவ்வாறு பணிக்கப்படாதோர் ஏறத்தாழ 35 விழுக்காட்டளவிலேயே நின்றனர். நினைவை வளர்ப்பது மீண்டும் பார்த்தலன்று, மீட்டெடுத்தலே என்பது இதன் பயன். இவ்வாய்வின் இடைவெளியும் ஞாயிறு வகுப்பின் இடைவெளியும் ஒரே ஏழு நாளாக அமைந்திருப்பது கருதத்தக்கது.

எனினும் இவ்வாய்வை அப்படியே தமிழ் வகுப்புக்குப் பொருத்த இயலாது. அங்கே சோதிக்கப்பட்டது ஒரு சொல்லுக்கு ஒரு பொருள் என்னும் இணை. பால் நேஷன் 2001இல் வெளியிட்ட நூலில், சொல்லை அறிதல் என்பது அதன் வடிவம், பொருள், பயன்பாடு ஆகிய மூன்றையும் அறிதல் என்றும், ஒவ்வொன்றிலும் கேட்டுணர்தல், எடுத்துரைத்தல் என்னும் இரு நிலைகள் உண்டு என்றும் பகுத்துக் காட்டுகிறார். மேற்கூறிய இளைஞர் பொருளை அறிந்திருந்தார்; பயன்பாட்டுக்குரிய வடிவத்தை எடுத்துரைக்கும் நிலையில் அறியவில்லை.

4. நன்னூல் காட்டும் பயில்நெறி

பயில்முறை பற்றிய எண்ணம் தமிழ் மரபுக்குப் புதிதன்று. பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூலின் பொதுப்பாயிரம் ஆசிரியன், மாணாக்கன், பாடஞ்சொல்லல், பாடங்கேட்டல் ஆகியவற்றை முறைப்பட வகுத்துரைக்கிறது. கொங்கு நாட்டுச் சீனாபுரத்தோடு பவணந்தியாரைத் தொடர்புபடுத்தும் வழக்கும் உண்டு என்பதால், இக்களத்திற்கு அவர் அயலவரல்லர் எனலாம்.

கேட்டதை நினைத்துப் பார்த்தல், உடன்பயில்வோரோடு கலந்து பழகுதல், வினவுதல், பிறர் வினவியதற்கு விடையிறுத்தல் ஆகியன பாடங்கேட்டலின் கூறுகளாக நன்னூலில் இடம்பெறுகின்றன. இருமுறை, மும்முறை கேட்பதன் பயனும் அங்கே கூறப்படுகிறது. இவை யாவினும் இங்குக் கருதத்தக்கது அந்நூல் தரும் பங்கீடு. ஆசிரியர் உரைத்ததைச் செவ்வையாகக் கொண்டாலும் புலமையில் கால்பங்கே கைகூடும்; உடன்பயில்வோரோடு பழகுதலால் மற்றொரு கால்பங்கு வரும்; எஞ்சிய அரைப்பங்கு தான் கற்றதைப் பிறர்க்கு எடுத்துரைப்பதால் நிறையும் என்பது அதன் சாரம்.

இதனை வகுப்பு நேரப் பங்கீடாகக் கொண்டால் நம் வகுப்புகள் தலைகீழாக இருப்பது புலப்படும். ஆசிரியர் சொல்ல மாணவர் திருப்பிச் சொல்லும் பகுதி பெரிதாகவும், மாணவர் தாமே எடுத்துரைக்கும் பகுதி சிறிதாகவும் உள்ளன. எடுத்துரைத்தலே பெரும்பயன் தரும் என்னும் நன்னூலின் கருத்தும், மீட்டெடுத்தலே நினைவை வளர்க்கும் என்னும் இக்கால ஆய்வும் வெவ்வேறு வழிகளில் வந்து ஓரிடத்தில் சந்திக்கின்றன. நன்னூல் கருதியது இலக்கண நூல் கற்கும் மாணாக்கனை. பேச்சுமொழி கற்கும் தொழிலாளியை அன்று. ஆயினும் அந்நெறி இருவர்க்கும் பொருந்தும்.

5. தமிழ்ச் சொல்லின் இயல்பும் கற்போர் இடர்ப்பாடும்

5.1 வேற்றுமை ஏற்கும் பெயர்

தொல்காப்பிய எழுத்ததிகாரத்தில் உருபியல் என ஓர் இயலே அமைந்திருப்பது, தமிழ்ப் பெயர்கள் உருபு ஏற்கும்போது கொள்ளும் மாற்றம் எத்துணை விரிவானது என்பதற்குச் சான்று. மகர ஈற்றுப் பெயர் அத்துச் சாரியை பெறுகிறது: சம்பளம் – சம்பளத்தை, வாரம் – வாரத்துக்கு. 'வீடு', 'கயிறு' போன்ற குற்றியலுகரப் பெயர்களில் டகர, றகர ஒற்று இரட்டுகிறது: வீடு – வீட்டுக்கு, கயிறு – கயிற்றில். பேச்சில் 'கயிற்றில்' மேலும் திரிந்து 'கயித்துல' ஆகிறது. 'கயிறு' என்று அட்டையில் கற்றவர் 'கயித்துல' என்று கேட்கும்போது, அது தமக்குத் தெரிந்த சொல்லே என்பதை உணர்வது அரிது.

இந்தி பேசுவோர்க்கு ஈறு மாறுதல் முற்றிலும் புதிதன்று. 'லட்கா' என்பது உருபின் முன் 'லட்கே' ஆகும். ஆயினும் 'கர்' என்னும் வீட்டைக் குறிக்கும் சொல் 'கர் மே' என மாறாதே நிற்கும். அப்பழக்கத்தால் 'வீடுல', 'சம்பளம்ல' என்று கூறுதல் இயல்பான பிழை. இப்பிழையைத் திருத்த விதி கூறுவதைக் காட்டிலும், 'சம்பளம்' என்னும் சொல்லோடு 'சம்பளத்துல' என்பதையும் சேர்த்தே முதலிலிருந்து மீட்டெடுக்கப் பழக்குவது பயன் தரும்.

5.2 தானே நிகழ்தலும் ஒருவர் செய்தலும்

ஊசி நிகழ்வில் இடர் விளைத்தது இப்பகுதி. தமிழில் ஒரே பகுதி மெல்லொற்றோடு இறந்தகாலம் காட்டும்போது தானே நிகழ்ந்ததையும், வல்லொற்றோடு காட்டும்போது ஒருவர் செய்ததையும் உணர்த்தும் இணைகள் பல. பின்னலாடைக் களத்திற்கு இன்றியமையாத சில வருமாறு:

உடைந்தது – உடைத்தேன்; பேச்சில் ஒடஞ்சிருச்சு – ஒடச்சுட்டேன்.
கிழிந்தது – கிழித்தேன்; கிழிஞ்சிருச்சு – கிழிச்சுட்டேன்.
பிரிந்தது – பிரித்தேன் (தையல்). பிரிஞ்சிருச்சு – பிரிச்சுட்டேன்.
அறுந்தது – அறுத்தேன் (நூல்). அறுந்துருச்சு – அறுத்துட்டேன்.
நனைந்தது – நனைத்தேன். நனஞ்சிருச்சு – நனச்சுட்டேன்.

இவற்றோடு 'சுருங்கு – சுருக்கு', 'மாறு – மாற்று', 'நில் – நிறுத்து' முதலிய பகுதியிலேயே வேறுபடும் இணைகளும் உள்ளன. 'சைஸ் மாறிருச்சு' என்பதற்கும் 'சைஸ மாத்திட்டேன்' என்பதற்கும் இடையே உள்ள தொலைவு பொறுப்பின் தொலைவு.

இந்தியில் இவ்வேறுபாடு உண்டு. உடைதலுக்கு 'டூட்னா', உடைத்தலுக்கு 'தோட்னா'. கிழிதலுக்கு 'ஃபட்னா', கிழித்தலுக்கு 'ஃபாட்னா'. எனவே இந்தி பேசுவோர்க்குக் கருத்தை விளக்க வேண்டுவதில்லை. ஒலி வேறுபாட்டைப் பழக்கினால் போதும். வங்காளத்தின் நிலை வேறு. அங்கே உடைதலுக்கும் உடைத்தலுக்கும் ஒரே வினைப்பகுதி நிற்க, உடன்வரும் துணைவினையே வேறுபாட்டைக் காட்டுவது பெருவழக்கு: 'பெங்கே கேச்சே' என்றால் உடைந்துவிட்டது, 'பெங்கே ஃபெலெச்சி' என்றால் உடைத்துவிட்டேன். அவர்கள் தமிழிலும் வேறுபாட்டைத் துணைவினையில் தேடுவர். ஆனால் தமிழில் 'உடைந்துவிட்டது', 'உடைத்துவிட்டேன்' ஆகிய இரண்டிலும் 'விடு' என்னும் ஒரே துணைவினை வருகிறது. வேறுபாடு அதற்கு முன்னுள்ள 'ந்த்', 'த்த்' என்னும் ஒலிகளில், பேச்சில் 'ஞ்ச்', 'ச்ச்' என்னும் ஒலிகளில் ஒதுங்கி நிற்கிறது. ஒரே வகுப்பில் இரு மொழியினர்க்கும் ஒரே பயிற்சி போதாது என்பதை இது காட்டுகிறது.

5.3 ஏவலும் மரியாதையும்

கூடத்தில் தொழிலாளி மிகுதியும் கேட்கும் தமிழ் ஏவல் தமிழ்: 'வா', 'எடு', 'வை', 'சீக்கிரம் முடி'. கேட்ட வடிவிலேயே கற்றுக்கொண்டு, அதே வடிவில் வீட்டுக்கார மூதாட்டியிடம் 'வா', 'கொடு' என்று கூறினால் அது அவமதிப்பாகிறது. 'சரிங்க', 'இல்லைங்க', 'ஏனுங்க' எனப் பேச்சுதோறும் மரியாதை ஒட்டு வழங்கும் கொங்கு வட்டாரத்தில் இப்பிழை மேலும் உறுத்தும். பிழை செய்பவர் அதனை அறியமாட்டார். கேட்பவரோ மொழிப்பிழை என்று கொள்ளாமல் பண்புக்குறை என்று கொள்வார். ஆகவே ஏவல் வினைகளை 'வா – வாங்க', 'கொடு – கொடுங்க' என இணையாகவே மீள்பயிற்சிக்கு உட்படுத்துதல் வேண்டும்.

5.4 குறிப்பேட்டின் இடர்

தேவநாகரி அறிந்த தொழிலாளர் தமிழ்ச் சொற்களை அவ்வெழுத்திலேயே குறித்துக்கொள்வர். இந்தி எழுத்துமுறையில் எகர, ஏகார வேறுபாடும் ஒகர, ஓகார வேறுபாடும் வழக்கில் இல்லை. அதனால் 'பெட்டி'யும் 'பேட்டி'யும், 'கொடு'வும் 'கோடு'வும் குறிப்பேட்டில் ஒன்றாகிவிடும். அக்குறிப்பேட்டைப் பார்த்துத் தனியே மீள்பார்வை செய்பவர் பிழையையே உறுதிப்படுத்துகிறார். குறிப்பேட்டைத் தடுக்க வேண்டுவதில்லை. மீள்பயிற்சி குரல்வழி நிகழ்தல் வேண்டும். எந்த எழுத்தையும் அறியாத தொழிலாளரும் வகுப்பில் இருப்பர் என்பதாலும் இது தேவையாகிறது.

6. வகுப்பறைச் செயல்பாடுகள்

பின்வரும் ஆறும் உலகெங்கும் மொழி வகுப்புகளில் பல பெயர்களில் வழங்குவனவே. தமிழ்ச் சொல்லின் மேற்கூறிய இயல்புகளுக்கு ஏற்ப அவற்றை எவ்வாறு மாற்றியமைத்தல் வேண்டும் என்பதே இங்கு விளக்கப்படுகிறது.

6.1 பெட்டிமுறை

செபாஸ்டியன் லைட்னர் 1972இல் பரப்பிய முறை இது. ஒரு பெட்டி ஐந்து அறைகளாகத் தடுக்கப்படும். புதுச் சொல்லின் அட்டை முதல் அறையில் இருக்கும். சரியாகக் கூறினால் அடுத்த அறைக்குச் செல்லும். தவறினால் முதல் அறைக்கே திரும்பும். பின்னறைகளில் உள்ள அட்டைகள் நீண்ட இடைவெளியில் கேட்கப்படும். பேக்கிங் பிரிவில் கழிக்கப்படும் அட்டைப்பெட்டியே இதற்குப் போதும். அட்டையில் எழுத்துக்குப் பதிலாகப் படமோ, துணித்துண்டோ, பொத்தானோ ஒட்டப்பட வேண்டும்.

தமிழுக்குரிய மாற்றம் ஒன்று: பகுதியை மட்டும் கூறினால் அட்டை நகராது. பெயராயின் ஓர் உருபோடும், வினையாயின் இறந்தகாலத்திலும் கூறினாலே நகரும். 'சம்பளம்' என்று கூறினால் அட்டை அதே அறையில் நிற்கும். 'சம்பளத்த வாங்கினேன்' என்றால் நகரும்.

6.2 மறைந்த பொருள்

மேசையில் ஊசி, நூற்கண்டு, கத்தரிக்கோல், கயிறு, பொத்தான், டேப், லேபிள், பெட்டி ஆகியவை வைக்கப்படும். கற்போர் கண்களை மூட, ஒன்று அகற்றப்படும். "எதக் காணோம்?" என்பது வினா. 'காணோம்' என்னும் சொல் இயல்பாகவே இரண்டாம் வேற்றுமையை வேண்டி நிற்பதால், "ஊசியக் காணோம்", "கயித்தக் காணோம்" என்னும் விடைகள் விதி கூறாமலே பிறக்கின்றன. அடுத்து, "எங்க இருந்துச்சு?" என்று வினவினால், "பெட்டிக்குள்ள", "கயித்துக்குப் பக்கத்துல" என நான்காம், ஏழாம் வேற்றுமைப் பொருள்கள் வருகின்றன. சொல்லும் உருபும் ஒருங்கே மீட்டெடுக்கப்படுவது இதன் சிறப்பு.

6.3 ஏவலும் இயக்கமும்

ஏவலைக் கேட்டு உடலால் இயங்கி மொழி கற்கும் முறையை ஜேம்ஸ் ஆஷர் 1960களில் வளர்த்தார். நாள்முழுதும் ஏவலைக் கேட்டே வாழ்பவர்க்கு வகுப்பிலும் ஏவலையே கேட்கச் செய்வது முறையாகாது. எனவே இங்கு ஏவுபவர் கற்போர், இயங்குபவர் ஆசிரியர். கற்போர் கையில் இரு வண்ண அட்டைகளுள் ஒன்று தரப்படும். ஒரு வண்ணம் உடன்பணிபுரியும் நண்பரைக் குறிக்கும். மற்றது மூத்தவரைக் குறிக்கும். முன்னதற்கு 'எடு', பின்னதற்கு 'எடுங்கண்ணா', 'எடுங்கக்கா'. வண்ணமும் வடிவமும் பொருந்தாவிட்டால் ஆசிரியர் அசையமாட்டார். மரியாதைப் பிழையைக் கடுமையின்றி உணர்த்த இது நல்ல வழி.

6.4 ஆனதா, செய்ததா?

ஊசி நிகழ்வுக்குப் பின் கட்டுரையாளர் வகுப்பில் அமைத்த செயல்பாடு இது. ஏற்கெனவே கிழிந்த துணியைக் காட்டினால் கற்போர் "கிழிஞ்சிருச்சு" என்பர். அவர்கள் கண்முன் ஒருவர் துணியைக் கிழித்தால் "கிழிச்சுட்டாங்க" என்பர். முதலில் கேட்டுப் பிரித்தறியும் பயிற்சி: ஆசிரியர் இரு வடிவங்களை மாறிமாறிக் கூற, கற்போர் 'ஞ்ச்' ஒலி கேட்டால் கையை விரித்துக் காட்டுவர், 'ச்ச்' ஒலி கேட்டால் கையை முடக்குவர். ஒலி பிரித்தறிந்த பின்னரே சொல்லும் பயிற்சி.

இறுதியில் இருவர் நடிப்பர். ஒருவர் மேற்பார்வையாளர், மற்றவர் தொழிலாளி. "என்னாச்சு?" என்னும் வினாவுக்கு, கையில் உள்ள படத்துக்கேற்ப விடை கூறல் வேண்டும். தவறு தம்முடையதாயின் 'ஒடச்சுட்டேன்' என்று ஒப்புக்கொள்ளவும், தம்முடையது அல்லவாயின் 'ஒடஞ்சிருச்சுங்க' என்று விளக்கவும் பழகுவர். இரண்டும் வேண்டும். பொறுப்பைத் தட்டிக்கழிக்கக் கற்பிப்பது நோக்கமன்று. நடந்ததை நடந்தவாறு கூறும் ஆற்றலைத் தருவதே நோக்கம்.

6.5 பெயர் கூறாது விளக்கல்

ஒருவர் தம் அட்டையில் உள்ள பொருளின் பெயரைக் கூறாமல் தெரிந்த சொற்களால் விளக்க, ஏனையோர் கண்டறிவர். தமிழ் விடுகதை மரபோடு இது இயைந்தது. 'கத்தரிக்கோல்' அட்டையை உடையவர் "ரெண்டு கால் இருக்கு, துணிய வெட்டும்" என்று கூறும்போது, பழைய சொற்கள் நான்கைந்து மீட்டெடுக்கப்படுகின்றன. ஒரு சொல்லுக்காகத் தொடங்கும் பயிற்சி பல சொற்களுக்குப் பயன்படுவது இதன் சிக்கனம். சொல் மறந்தபோது பேச்சை நிறுத்தாமல் சுற்றிவளைத்தேனும் கருத்தைக் கூறும் துணிவையும் இது வளர்க்கிறது. மருத்துவமனையில் நோயின் பெயர் தெரியாத இடத்தில் இத்துணிவு உதவும்.

6.6 கற்றவர் கற்பித்தல்

நன்னூல் கூறும் அரைப்பங்கு இது. புதிதாக வகுப்புக்கு வருவோர்க்கு, ஓரிரு மாதம் பயின்றவர் ஐந்து சொற்களைக் கற்பிப்பர். தாய்மொழியில் விளக்க இசைவு உண்டு. ஒடியா பேசும் ஒருவர் ஒடியா பேசும் புதியவர்க்கு 'பிரிஞ்சிருச்சு', 'பிரிச்சுட்டேன்' என்பவற்றின் வேறுபாட்டை விளக்கும்போது, தமிழாசிரியர் அறியாத ஒப்பீடுகளைத் தாமே கண்டு கூறுவார். கற்பிப்பவர் தடுமாறும் இடமே அவர்க்கு மீள்பயிற்சி தேவைப்படும் இடம். ஆசிரியர் அதைக் குறித்துக்கொள்ளலாம். புதியவர் வந்து வந்து சேரும் வகுப்பில், வருகை ஒழுங்கின்மை என்னும் குறையே பயனாக மாறும் செயல்பாடு இது ஒன்றே.

7. கால அமைப்பு

ஒன்றரை மணி நேர வகுப்பு ஒன்றில் எட்டு முதல் பத்துப் புதுச் சொற்கள் போதுமானவை. வகுப்பின் முதல் இருபது நிமிடம் சென்ற வாரச் சொற்களுக்கு உரியது. பெட்டிமுறையோ மறைந்த பொருளோ இங்கு அமையலாம். புதுச் சொற்கள் இடைப்பகுதியில் அறிமுகமாகும். அவற்றை அதே வகுப்பின் இறுதியில் ஒருமுறை மீட்டெடுக்கச் செய்தல் வேண்டும். கற்ற உடனே மறதி விரைவது இதற்குக் காரணம்.

புதன்கிழமை இரவு வாட்ஸ்அப் வழியாக ஒரு குரல்செய்தி அனுப்பலாம். அது சொற்பட்டியலாக இருத்தல் கூடாது, "இன்னிக்கு மெஷின்ல என்ன ஆச்சுங்க?" என்பது போன்ற வினாவாக இருத்தல் வேண்டும். விடையும் குரலாகவே வரட்டும். ஞாயிறு, புதன், அடுத்த ஞாயிறு, இரு வாரம் கழித்து, ஒரு மாதம் கழித்து என இடைவெளி விரியுமாறு ஒரு சொல்லுக்கு ஐந்து மீட்டெடுப்புகள் கிடைக்கின்றன. பெட்டியின் ஐந்து அறைகள் இவ்வைந்துக்கும் பொருந்துகின்றன.

துர்கா பூசை, தீபாவளி, சத் பூசை, ஹோலி ஆகிய காலங்களில் வகுப்பு சில வாரங்கள் கலையும். திரும்பியவர்க்குப் புதுப்பாடம் தொடங்காமல் முதல் வகுப்பு முழுவதையும் பழைய அட்டைகளுக்கே ஒதுக்கலாம். மறந்தவை விரைவில் மீளும் என்பதை அவர்களே கண்டு ஊக்கம் கொள்வர்.

8. வரையறைகள்

இச்செயல்பாடுகள் பேச்சுத்தமிழை முதன்மையாகக் கொண்டவை. தொழிலாளரின் குழந்தைகட்கு இவை மட்டும் போதா. 2006ஆம் ஆண்டின் தமிழ் கற்றல் சட்டத்தின்படி தமிழ் பள்ளிகளில் கட்டாயப் பாடமாகவும், 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தின்படி வயதுக்கேற்ற வகுப்பில் சேர்க்கையும் உள்ள நிலையில், ஒன்பது வயதுப் பிறமொழிக் குழந்தை எழுத்தையும் பேச்சையும் ஒருங்கே கற்க வேண்டியதாகிறது. 'கயித்துல' என்று தெருவில் கேட்பதைக் 'கயிற்றில்' என்று ஏட்டில் எழுதும் இரட்டை வழக்குச் சிக்கல் அக்குழந்தைக்கு உண்டு. அது தனியே ஆராயத்தக்கது.

ஒடியா, அசாமிய மொழிகளோடு தமிழ் வினையிணைகளை ஒப்பிடும் பணி இக்கட்டுரையில் மேற்கொள்ளப்படவில்லை. மீட்டெடுத்தலுக்கும் ஒப்புவித்தலுக்கும் இடையே உள்ள வேறுபாட்டை இக்களத்தில் அளந்து நிறுவ, ஒத்த தொடக்கநிலையுடைய இரு குழுக்களைக் கொண்ட சோதனை வேண்டும்.

9. முடிவுரை

மேற்கண்ட விளக்கங்களால் பின்வருவன பெறப்படுகின்றன.

ஏழு நாள் இடைவெளியுடைய வகுப்பில் மீள்பயிற்சி புதுப்பாடத்திற்கு முன்னுரையன்று, பாடத்தின் மையம்.

தமிழில் மீள்பயிற்சியின் அலகு அகராதிச் சொல்லன்று. உருபேற்ற பெயர், காலம் காட்டும் வினை, மரியாதை காட்டும் ஏவல் ஆகியனவே அதன் அலகுகள்.

தானே நிகழ்தல், ஒருவர் செய்தல் ஆகியவற்றை வேறுபடுத்தும் வினையிணைகள் தொழிற்களத்தில் பொறுப்பையும் கூலியையும் தொடுவன. ஆதலின் தொடக்கநிலைப் பாடத்திலேயே அவை இணையாக இடம்பெறல் வேண்டும்.

கற்போரின் தாய்மொழிக்கேற்ப இடர் வேறுபடுகிறது. இந்தி பேசுவோர்க்கு ஒலிப்பயிற்சியும், வங்காளம் பேசுவோர்க்கு அதனோடு வேறுபாடு நிற்கும் இடத்தைச் சுட்டிக்காட்டலும் தேவை.

கற்றவர் கற்பித்தலே பெரும்பயன் தருவது என்னும் நன்னூல் நெறி இக்களத்திற்கும் ஏற்றது.

ஊசி உடைந்த நாளில் அவ்விளைஞர்க்கு வேண்டியிருந்தது இன்னொரு சொல்லன்று. அறிந்த சொல்லின் சரியான வடிவம். பின்னாளில் அவரே புதியவர்க்கு அவ்விணையைக் கற்பிப்பவரானார். நம் மண்ணில் உழைக்க வந்தவர் தமக்கு நேர்ந்ததைத் தம் வாயால் பிழைபடாமல் கூற இயலுதல் தமிழ் கற்பித்தலின் குறைந்தளவு நோக்கம். அந்நோக்கத்தை நிறைவேற்றும் பாடத்திட்டமும் பயிற்சி அட்டைகளும் உருவாக்குவது தமிழ்த் துறைகளின் கடமையாகும்.